பற்களைக் காப்போம்: மலையகம் உலகுக்குக் கற்றுத்தந்த பாடம்

'பல் போனால் சொல் போச்சு' என்பது நம்மவர் வாயில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழியாகும். ஆயினும் பல் போகும் வரையில் அதனைப் பற்றி எண்ணிப் பார்ப்போர் நம்மிடையே மிகச் சிலரே. கண்டி நகரிலும் அதனைச் சூழவுள்ள ஊர்களிலும் உள்ள எந்தவொரு வைத்தியசாலையின் பல் வைத்தியப் பிரிவுக்கும் காலை வேளையில் சென்று பார்த்தால், கன்னத்தைக் கையால் தாங்கியவாறு வரிசையில் அமர்ந்திருப்போரைக் காணலாம். கிராம்பு வைத்துப் பார்த்து, உப்புநீரால் கொப்பளித்துப் பார்த்து, மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையையும் விழுங்கிப் பார்த்து, இரவெல்லாம் உறக்கமின்றித் தவித்த பின்னரே அவர்கள் அங்கு வந்திருப்பார்கள். வைத்தியரிடம் அவர்கள் விடுக்கும் வேண்டுகோளும் பெரும்பாலும் ஒன்றேயாகும்: "எப்படியாவது பிடுங்கி விடுங்கள்."

வலி வந்தால் மட்டுமே பல் வைத்தியரை நாடுவது என்ற இந்தப் பழக்கமே நமது பற்களின் முதற் பகை என்று கூறினால் அது மிகையாகாது. ஏனெனில் பற்களைத் தாக்கும் இரு பெரும் நோய்களுள் ஒன்றான பற்சூத்தை, முற்றிய பின்னரே வலிக்கத் தொடங்குகிறது. மற்றொன்றான முரசு நோயோ, பல் ஆடி விழும் வரையிலும் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. இந்த உண்மையை உலகப் பல் வைத்தியத் துறை ஐயந்திரிபறக் கற்றுக்கொண்டது நமது மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில்தான் என்பது நம்மில் பலர் அறியாத செய்தியாகும்.

தோட்டத் தொழிலாளரின் வாயில் எழுதப்பட்ட பாடம்

கண்டியிலிருந்து கம்பளை, தவலந்தன்னை வழியாக மலையேறினால் வருவது பூண்டுலோயாப் பகுதி. அங்குள்ள டன்சினன், ஹெரோ ஆகிய தோட்டங்களில், 1970ஆம் ஆண்டில் நோர்வே நாட்டைச் சேர்ந்த பேராசிரியர் ஹரால்ட் லோ தலைமையிலான குழுவினர் ஓர் ஆய்வைத் தொடங்கினர். இளவயது ஆண் தொழிலாளர்கள் 480 பேரின் பற்களும் முரசுகளும் ஒவ்வொன்றாகப் பரிசோதிக்கப்பட்டு அளவிடப்பட்டன. 1985ஆம் ஆண்டு வரையில் அதே தொழிலாளர்கள் மீண்டும் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். இதற்கு ஒப்பீடாக, நோர்வேயின் ஒஸ்லோ நகரில் சிறுவயது முதலே பல் வைத்தியம் பெற்று வந்த மாணவர்களும் கல்வித்துறையினருமான 565 பேரும் 1969 முதல் ஆராயப்பட்டனர்.

பூண்டுலோயாத் தொழிலாளர்கள் ஏன் தெரிவு செய்யப்பட்டார்கள்? பற்றூரிகை கொண்டு பல் துலக்கும் பழக்கம் அவர்களிடம் இருக்கவில்லை. பல் வைத்தியமும் அவர்களுக்குக் கிட்டவில்லை. முரசு நோயை எவரும் தடுக்காமலும் சிகிச்சையளிக்காமலும் விட்டால் அது தன் போக்கில் எவ்வாறு வளரும் என்பதை அறிய உலக ஆய்வாளர்கள் விரும்பினர். அதற்கேற்ற நிலைமை நமது தோட்டங்களில் காணப்பட்டது. அறிவியலுக்கு வாய்ப்பாக அமைந்த அந்த நிலைமை, அத்தொழிலாளர்களுக்கு இழப்பாக அமைந்தது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

1986ஆம் ஆண்டில் வெளியான முடிவுகள் இன்றும் உலகெங்கும் பல் வைத்திய மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றன. ஏறத்தாழ எல்லோருடைய முரசுகளும் வீங்கிச் சிவந்தே இருந்தன. ஆயினும் பல்லைத் தாங்கும் எலும்பும் இழையங்களும் அழியும் வேகம் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. 8 சதவீதமானோரில் நோய் மிக விரைவாகப் பரவியது. 81 சதவீதமானோரில் அது மெதுவாக, ஆனால் நிற்காமல் முன்னேறியது. எஞ்சிய 11 சதவீதமானோரில் முரசு வீக்கத்துக்கு அப்பால் அது செல்லவில்லை. விரைவாகப் பாதிக்கப்பட்டவர்கள் 35 வயதில் சராசரியாக 12 பற்களையும் 40 வயதில் 20 பற்களையும் இழந்திருந்தனர்; 45 வயதில் அவர்களது வாயில் பற்களே எஞ்சவில்லை. நடுத்தர வேகத்தில் பாதிக்கப்பட்டோர் 45 வயதில் சராசரியாக 7 பற்களை இழந்திருந்தனர். மூன்றாம் பிரிவினர் ஏறக்குறைய ஒரு பல்லையும் இழக்கவில்லை.

இங்கு இரு செய்திகள் நமது கவனத்துக்குரியன. முதலாவதாக, அத்தொழிலாளர்களிடையே பற்சூத்தை அரிதாகவே காணப்பட்டது. சூத்தையில்லாத வெண்பற்களே வேரோடு ஆடி விழுந்தன. 'என் பல்லில் சூத்தை இல்லை, எனவே எனக்கு நோயில்லை' என்று எண்ணுவது எத்துணை தவறு என்பதை இது காட்டுகிறது. இரண்டாவதாக, பல் விழுவது முதுமையின் இயல்பான விளைவு அன்று. ஒரே தோட்டத்தில், ஒரே தொழிலைச் செய்த, ஒரே வயதினரான இருவரில் ஒருவர் பொக்கை வாயராகவும் மற்றவர் முழுப் பற்களுடனும் இருந்தார் என்றால், குற்றம் வயதினுடையது அன்று. கவனிக்கப்படாத நோயினுடையதே ஆகும்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2010ஆம் ஆண்டில் அந்த 480 பேரில் 75 பேர் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். 2017இல் வெளியான அதன் முடிவுகள், பற்களில் படியும் அழுக்குப் படலமும் காரையும் புகைத்தலும் இந்நோயோடு கொண்டுள்ள தொடர்பை மேலும் உறுதிப்படுத்தின. இளமையில் முரசு எந்நிலையில் இருக்கிறதோ, அதுவே முதுமையில் எத்தனை பற்கள் எஞ்சும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

பத்து நாளில் வரும், ஒரு வாரத்தில் போகும்

இந்நோயின் தொடக்கத்தை அறிய அதே பேராசிரியர் லோவும் அவரது துணைவர்களும் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் நடத்திய சோதனையொன்று 1965இல் வெளியானது. நல்ல முரசுடைய 12 பேர் பல் துலக்குவதை முற்றாக நிறுத்தினர். 10 நாள் முதல் 21 நாளுக்குள் அனைவருடைய முரசுகளும் வீங்கின. பின்னர் அவர்கள் மீண்டும் ஒழுங்காகப் பல் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் முரசுகள் பழைய நிலைக்குத் திரும்பின.

பல் துலக்கும்போது தூரிகையில் இரத்தம் தென்படுவதே முரசு வீக்கத்தின் முதல் அறிகுறியாகும். இரத்தம் வருகிறதென அஞ்சி அந்த இடத்தைத் துலக்காமல் விடுவது நம்மிடையே காணப்படும் பெருந்தவறு. துலக்காமையால் வந்த இரத்தம், துலக்குவதாலேயே நிற்கும். இந்நிலையில் நோயை முற்றாக நீக்கிவிடலாம். ஆனால் எலும்பு கரைந்து பல் ஆடத் தொடங்கிவிட்டால், இழந்த எலும்பை மீட்பது கடினம். மேலும் இழக்காமல் தடுப்பதே சிகிச்சையின் நோக்கமாக அமைந்துவிடும்.

சூத்தை உண்டாகும் விதம்

பூண்டுலோயாவில் அன்று அரிதாக இருந்த பற்சூத்தை இன்று நமது வீடுகளில் அரிதன்று. இனிப்பு பிஸ்கட், டொபி, சொக்லட், மென்பானம் முதலியன தோட்டத்துக் கடைகளிலும் தாராளமாகக் கிடைக்கின்றன. நாம் உண்ணும் சீனியையும் மாப்பொருளையும் பல்லின் மேற்படிந்துள்ள பக்டீரியாக்கள் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்கவசமாகிய மிளிரியைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, கரைந்த கனியுப்புகளை மீண்டும் பல்லில் சேர்க்க முயல்கிறது. இதற்கு அரை மணி நேரத்துக்கும் மேலாகிறது. அதற்குள் மற்றோர் இனிப்பை உண்டால் உமிழ்நீரின் முயற்சி வீணாகிவிடுகிறது.

எனவே எவ்வளவு சீனி உண்கிறோம் என்பதைப் போலவே எத்தனை முறை உண்கிறோம் என்பதும் முக்கியமானதாகும். மலைக்குளிருக்கு இதமாக நாளொன்றுக்கு ஐந்தாறு முறை சீனித் தேநீர் அருந்துவோர் ஒவ்வொரு முறையும் பல்லை அமிலத்தில் நனைக்கிறார்கள். தேயிலை பல்லுக்குப் பகையன்று. அதிற் கலக்கும் சீனியே பகை. குழந்தையைப் பால் அல்லது இனிப்புநீர்ப் போத்தலை வாயில் வைத்தபடி உறங்க விடுவதும் இத்தகையதே. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவாகச் சுரப்பதால், முன்பற்கள் ஒன்றரை இரண்டு வயதிலேயே கருகிச் சிதைவதை இதனாலேயே காண்கிறோம்.

'பாற்பல் எப்படியும் விழத்தானே போகிறது' என்று பெற்றோர் அலட்சியமாக இருப்பதுண்டு. பாற்பற்கள் 20, நிலையான பற்கள் 32. பின்னர் முளைக்கும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பது பாற்பல்லே. அது காலத்துக்கு முன் போய்விட்டால், பக்கத்துப் பற்கள் சரிந்து, புதிய பல் கோணலாக முளைக்கும். அது மட்டுமன்று. ஆறு வயதளவில் பாற்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, முதலாவது நிலையான கடைவாய்ப்பல் முளைக்கிறது. பல் எதுவும் விழாததால் பெற்றோர் அதனையும் பாற்பல் என்றே எண்ணிக் கவனிக்காது விடுகின்றனர். வாழ்நாள் முழுவதும் மெல்ல வேண்டிய அந்தப் பல் பத்து வயதுக்கு முன்பே சூத்தையாகிப் போவது பெருந்துயரமாகும்.

சிகிச்சைகள்: எது, எதற்காக?

பல் வைத்தியம் என்றாலே பல் பிடுங்குதல் என்று எண்ணும் நிலை மாற வேண்டுமானால், வழக்கிலுள்ள சிகிச்சைகளைப் பற்றி நாம் ஓரளவாவது அறிந்திருத்தல் அவசியமாகும்.

பல் அடைத்தல்: சூத்தை மிளிரியிலும் அதற்கடுத்த படையிலும் மட்டும் இருக்கையில், சிதைந்த பகுதியை அகற்றி, துளையை அடைத்துவிடலாம். முன்னர் இரசம் கலந்த வெள்ளி நிற அமல்கம் பெரிதும் பயன்பட்டது. 2013ஆம் ஆண்டு மினமாட்டா உடன்படிக்கைக்குப் பின்னர் உலகெங்கும் அதன் பயன்பாடு குறைந்து, பல்லின் நிறத்தையொத்த பொருள்கள் அதன் இடத்தைப் பிடித்து வருகின்றன. குளிர்ந்த நீர் பட்டவுடன் பல் கூசுவதும், பல்லில் உணவு சிக்கிக்கொள்வதும் அடைக்க வேண்டிய வேளை வந்துவிட்டது என்பதற்கான அறிகுறிகளாக இருக்கலாம். அரை மணி நேரத்தில் முடியும் இந்தச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதே பின்னர் வரும் எல்லாத் தொல்லைகளுக்கும் வாயிலாகிறது.

வேர்ச் சிகிச்சை: சூத்தை பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள பகுதியை எட்டிவிட்டால், இரவில் உறங்கவொட்டாத வலி தொடங்கும். அப்போதும் பல்லைக் காப்பாற்ற வழியுண்டு. நோயுற்ற அப்பகுதியை நீக்கி, வேரின் உட்குழாய்களைத் துப்புரவாக்கி, அடைத்து மூடுவதே 'ரூட் கெனல்' எனப்படும் வேர்ச் சிகிச்சையாகும். இதற்குப் பல தடவைகள் செல்ல வேண்டியிருக்கலாம். வலி நின்றுவிட்டதென்று இடையில் நிறுத்தினால், வேரடியில் மீண்டும் சீழ் கட்டும். சிகிச்சை பெற்ற கடைவாய்ப்பல் எளிதில் உடையக்கூடுமாதலால், அதன்மேல் உறை போடுமாறு வைத்தியர் கூறுவது வழக்கம்.

காரை அகற்றல்: அழுக்குப் படலம் இறுகிக் காரையாகிவிட்டால் எந்தப் பற்றூரிகையாலும் அதனை நீக்க முடியாது. கருவி கொண்டே அகற்ற வேண்டும். 'சுத்தம் செய்தால் பல் ஆடும்' என்பது பரவலான அச்சம். உண்மையில் பல்லை ஆட வைத்தது காரையே. அது அகன்றதும் ஏற்கனவே இருந்த ஆட்டம் வெளிப்படுகிறது, அவ்வளவே.

பல் பிடுங்குதல்: காப்பாற்ற வழியே இல்லாத பல்லுக்கும், இடமின்றிப் புதைந்து தொல்லை தரும் ஞானப்பல்லுக்கும் இதுவே தீர்வாகும். மேற்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை குன்றும் என்பதில் உண்மையில்லை. பிடுங்கிய பின்னர், வைத்த பஞ்சை அரை மணி நேரமாவது அழுத்திக் கடித்திருக்க வேண்டும். அன்றைய தினம் கொப்பளிப்பதும் அடிக்கடி துப்புவதும் புகைப்பதும் வெற்றிலை போடுவதும் கூடாது. குழியில் உறைந்த இரத்தம் கலைந்தால் கடும் வலி உண்டாகும். மறுநாள் முதல் இளஞ்சூடான உப்புநீரால் மெதுவாகக் கொப்பளிக்கலாம்.

இழந்த பல்லுக்கு மாற்று: ஒரு பல் போனால் பக்கத்துப் பற்கள் சரிகின்றன, எதிர்ப்பல் நீள்கிறது. கழற்றிப் பூட்டும் கட்டுப்பல், இரு பக்கத்துப் பற்களில் நிலையாகப் பொருத்தும் பாலம், எலும்பில் திருகிப் பொருத்தும் இம்பிளாண்ட் என மூவகை மாற்றுகள் உள்ளன. கட்டுப்பல் அணிவோர் இரவில் அதனைக் கழற்றிக் கழுவி நீரில் இட்டுவைத்தல் வேண்டும்.

விபத்தில் தெறித்த பல்: பாடசாலை மைதானத்தில் விழுந்து பிள்ளையின் நிலையான முன்பல் வேரோடு கழன்றுவிட்டால் அதனை எறிந்துவிட வேண்டாம். வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்தெடுத்து, அழுக்கிருந்தால் ஒருமுறை மட்டும் மெதுவாகக் கழுவி, உடனே அதன் குழியிலேயே பொருத்த முயலலாம். இயலாவிடின் பாலில் இட்டு, கூடிய விரைவில், முடிந்தால் அரை மணி நேரத்துக்குள், பல் வைத்தியரிடம் சேர்க்க வேண்டும். பாற்பல்லை இவ்வாறு திரும்பப் பொருத்தலாகாது.

பல்வலிக்கு மருந்துக் கடையில் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை வாங்கி உண்பது சிகிச்சையாகாது. வீக்கம் தற்காலிகமாகத் தணியலாம். நோயின் மூலம் பல்லிலேயே இருக்கும். அஸ்பிரின் மாத்திரையை முரசில் வைத்தால் முரசு வெந்துவிடும். முகம் வீங்கிக் காய்ச்சல் கண்டு, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஏற்பட்டால், அது உயிருக்கே ஆபத்தாகலாம்; உடனடியாக வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

மிஸ்வாக்கும் பற்றூரிகையும்

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி என்று நமது முன்னோர் கூறிச் சென்றனர். ஒவ்வொரு தொழுகைக்கு முன்பும் மிஸ்வாக் செய்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெரிதும் வலியுறுத்தினார்கள். உகாய் மரத்தின் வேரிலிருந்தும் கிளையிலிருந்தும் பெறப்படும் மிஸ்வாக் குச்சியில் பக்டீரியாக்களைக் கட்டுப்படுத்தும் இயல்பு உண்டென ஆய்வுகள் கூறுகின்றன. இரு மரபுகளும் வாய்த் தூய்மையை அன்றாடக் கடமையாகவே கருதின என்பது குறிப்பிடத்தக்கது. மிஸ்வாக் பயன்படுத்துவோர் முன்பற்களோடு நின்றுவிடாது, கடைவாய்ப்பற்களின் உட்புறத்தையும் துலக்க வேண்டும். நுனி தேய்ந்ததும் அதனை வெட்டிப் புதிதாக மென்று தும்பாக்கிக்கொள்ள வேண்டும். புளோரைட்டுப் பற்பசையையும் அதனோடு சேர்த்துப் பயன்படுத்துவது நன்று. கரி, செங்கற்றூள், சொரசொரப்பான பற்பொடி ஆகியன பல்லைத் தேய்த்துக் கூச்சத்தை உண்டாக்குவதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

காலையிலும் இரவு உறங்கப் போகுமுன்னும் இரண்டு நிமிடம் பல் துலக்குதல் வேண்டும். இவ்விரண்டில் இரவுத் துலக்கலே இன்றியமையாதது. நம்மில் பலர் கைவிடுவதும் அதனையே. மென்மையான தூரிகையை முரசும் பல்லும் சந்திக்கும் ஓரத்தில் சாய்வாக வைத்து, சிறு அசைவுகளால் துலக்க வேண்டும். பலமாகத் தேய்ப்பதால் பல் வெண்மையாவதில்லை, தேய்ந்தே போகிறது. பற்பசையில் புளோரைட்டு 1000 பீபீஎம் அளவுக்குக் குறையாமல் இருத்தல் நன்று. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசியளவும், ஆறு வயது வரை பட்டாணியளவும் பற்பசை போதும். துலக்கிய பின் நுரையைத் துப்பினால் போதும். நிறைய நீர் கொண்டு கொப்பளித்தால் புளோரைட்டின் பயன் கழுவுண்டு போகும். ஏழெட்டு வயது வரை பிள்ளையின் பல்லைப் பெற்றோரே துலக்கிவிடுதல் வேண்டும்.

றமழான் நோன்புக் காலத்தில் ஸஹர் உணவுக்குப் பின்னரும், இரவு உறங்குமுன்னரும் பற்பசை கொண்டு துலக்குவதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். அவசரமற்ற சிகிச்சைகளை நோன்பு திறந்த பின்னரோ பெருநாளுக்குப் பின்னரோ வைத்துக்கொள்ளலாம். ஆனால் சீழும் வீக்கமும் கண்டால் தள்ளிப்போடலாகாது. இது குறித்து ஐயமிருப்பின் வைத்தியரிடமும் ஊர் ஆலிம்களிடமும் கேட்டறிவது சிறந்தது.

வெற்றிலையும் வாய்ப் புற்றும்

இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயாகும். வெற்றிலையோடு புகையிலை மெல்லுவதும் புகைத்தலும் மதுவும் இதற்கான முதன்மைக் காரணங்கள். புகையிலை சேர்க்காவிடில் தீங்கில்லை என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில், பாக்கே மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கவல்லது என வகைப்படுத்தியுள்ளது. குளிரையும் பசியையும் களைப்பையும் மறக்க வெற்றிலை போடும் தோட்டத்துத் தாய்மாருக்கும் தந்தைமாருக்கும் இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும்.

வாயினுள் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு, கட்டி, காரம் தாங்காத எரிவு, வாய் திறப்பது வரவரக் குறைதல் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் காலந்தாழ்த்தாது வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். இவையும் தொடக்கத்தில் வலிப்பதில்லை என்பதே இங்கும் ஆபத்து. இலங்கைக் கிராமப்புறங்களில் குடும்ப சுகாதார ஊழியர்களைப் பயிற்றுவித்து 28 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் வாய்களைப் பரிசோதித்த ஆய்வொன்று 1984இல் வெளியானது. ஊழியர்கள் நோய்க் குறிகளை நன்றாகவே இனங்கண்டனர். ஆனால் மறுபரிசோதனைக்கு வருமாறு கூறப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரே வந்தனர். வலியில்லையே, பிறகு எதற்கு என்ற எண்ணம் இங்கும் குறுக்கே நின்றிருக்கும் எனலாம்.

வாயும் உடலும்

வாயை உடலிலிருந்து பிரித்துப் பார்த்தல் ஆகாது. நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு முரசு நோய் கடுமையாகும். முரசு நோய் முற்றியவருக்கு இரத்தத்தில் சீனியின் அளவைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது. எனவே நீரிழிவாளர் கண்ணையும் பாதத்தையும் பரிசோதிப்பது போலவே பல்லையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளின் முரசுகள் எளிதில் வீங்கும். கர்ப்ப காலத்தில் பல் வைத்தியமே கூடாது என்பது தவறான கருத்து. நடு மூன்று மாதங்கள் அதற்கு வசதியான காலமாகும். இருதய நோய், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து, ஒவ்வாமை, கர்ப்பம் ஆகியவற்றைச் சிகிச்சைக்கு முன்பே வைத்தியரிடம் மறைக்காது கூறிவிடுதல் வேண்டும்.

அருகிருந்தும் எட்டாத வைத்தியம்

பல் வைத்தியத்தைப் பொறுத்தவரையில் கண்டி மாவட்டம் பேறு பெற்ற மாவட்டமாகும். 1943இல் கொழும்பில் தொடங்கிய பல் வைத்தியக் கல்வி 1954இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. நெடுங்காலமாக நாட்டின் பல் வைத்தியர்கள் அனைவரும் உருவானது பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் வைத்திய பீடத்திலேயே ஆகும். ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட பேராதனை பல் போதனா வைத்தியசாலை 1998இல் திறக்கப்பட்டது. கண்டி நகரிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவில் அமைந்துள்ள இங்கு எல்லாத் துறைகளிலும் நிபுணத்துவச் சிகிச்சை கிடைக்கிறது. 1950களில் நியூசிலாந்தின் உதவியுடன் தொடங்கிய பாடசாலைப் பல் சிகிச்சைச் சேவை நமது பிள்ளைகளுக்கென்றே உள்ளது. அரச வைத்தியசாலைகளில் அடிப்படைப் பல் சிகிச்சைகள் இலவசமாகவே வழங்கப்படுகின்றன.

எனினும் அக்குறணையிலும் மடவளையிலும் கம்பளையிலும் வாழ்வோருக்கு எட்டும் இச்சேவை, தெல்தோட்டை, கலஹா, பன்விலைத் தோட்டங்களின் மேற்பிரிவுகளில் வாழ்வோருக்கு அவ்வளவு எளிதில் எட்டுவதில்லை. பல்லைக் காட்ட ஒரு நாள் செல்வதென்றால் அன்றைய சம்பளத்தை இழக்க வேண்டும். பஸ் கட்டணமும் தேட வேண்டும். வேர்ச் சிகிச்சைக்கு மூன்று நாள் வரச் சொன்னால், அவர் பிடுங்கிவிடுமாறு கேட்பதில் வியப்பில்லை. இந்நிலையைப் பயன்படுத்தித் தகுதியற்ற சிலர் பல் பிடுங்குவதும் கட்டுப்பல் செய்து கொடுப்பதும் உண்டு. கிருமி நீக்காத கருவியால் ஈரலழற்சி போன்ற கொடிய நோய்கள் தொற்றக்கூடும். இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற்றவரா என்பதை அறியாது எவரிடமும் வாயைத் திறத்தலாகாது.

தோட்டங்களுக்கே சென்று சேவையாற்றும் நடமாடும் பல் சிகிச்சை முகாம்கள் ஒழுங்காக, முன்னறிவித்த நாட்களில் நடைபெற வேண்டும். அதிகாரிகள் இதில் கருத்துச் செலுத்துதல் அவசியம். முன்பள்ளிகளிலும் பாடசாலைகளிலும் மதரஸாக்களிலும் அறநெறிப் பாடசாலைகளிலும் இரவில் பல் துலக்கும் பழக்கத்தை ஆசிரியர்கள் வலியுறுத்தலாம். அறிவுறுத்தல்கள் நோயாளிக்குப் புரியும் தமிழில் வழங்கப்பட வேண்டும். புரியாத அறிவுறுத்தலால் பாதியில் நின்ற சிகிச்சைகள் பல.

இவையெல்லாம் நிறைவேறும் வரையில் நம் கையில் இருப்பவற்றையேனும் நாம் செய்வோமாக. இரவில் இரண்டு நிமிடம் பல் துலக்குவோம். தேநீரில் சீனியைக் குறைப்போம். வெற்றிலைப் பையை ஒதுக்கி வைப்போம். வலி இல்லாதபோதே, ஆண்டுக்கு ஒரு முறையேனும், குடும்பத்தோடு பல் வைத்தியரிடம் செல்வோம். பூண்டுலோயா மலைகளில் வாழ்ந்த 480 தொழிலாளர்கள் தமது பற்களை விலையாகக் கொடுத்து உலகுக்கு ஒரு பாடத்தைக் கற்பித்தார்கள். அந்தப் பாடத்தால் உலகம் பயன்பெற்றுவிட்டது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் அதனால் பயன்பெறுவதே, அவர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றிக்கடனாகும்.